பூஜ்ஜியம் நிமிடக் குப்பி

வயல் மூச்சு விடுகிறது என்று
நான் சொன்னால் கவிதை,
பெட்டி சொன்னால் தரவு.
எனக்குச் சம்பளம் பெட்டி சொல்வதற்கு.

அக்ரிலிக் பெட்டி. உள்ளே குட்டி விசிறி.
குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட்.
"மீன் தொட்டியாம்மா?"
ஆமாம் என்பேன் சில நாள்,
விளக்கினால் இறங்கும் இடம் தாண்டிவிடும்.

பெருமாள் ஏரிப் பாசனத்தில்
வைரக்கண்ணு குத்தகைக்கு எடுத்த ஒன்றரைக் காணி.
சம்பா. கணுக்கால் தண்ணீர்.
பலகை மேல் குந்தித்தான் வேலை பார்க்க வேண்டும்.
கால் பட்டால் சேறு ஏப்பம் விடும்,
கொப்புளம் கொப்புளமாய் மீத்தேன்.

பூஜ்ஜியம், பத்து, இருபது, முப்பது.
நான்கு நிமிடக் கணக்கு, நான்கு ஊசி, நான்கு குப்பி.
பூஜ்ஜியம் மட்டும் வெளிக்காற்று,
மூடி இறங்கும் கணத்தில் பெட்டியின் வாயருகே.
அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.
நம் மூச்சு அதில் சேரக் கூடாது,
பயிற்சியில் முதலில் சொன்னது அதுதான்.

யூரியா வந்த அன்று
கடைவாசலில் விடியுமுன் செருப்புகளின் வரிசை.
மூன்று மூட்டை கேட்டவருக்கு ஒன்று,
கூடவே கேட்காத ஒரு நுண்ணூட்டப் பொட்டலம்.
தண்ணீரை வடித்துவிட்டு
அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கி வீசினார்.
வெள்ளைக் குருணை விழும் சத்தம்
தூறல் மாதிரிதான் இருந்தது.

வடித்ததில் மீத்தேன் அடங்கியது.
மூன்றாம் நாள்
நைட்ரஸ் ஆக்சைடு தலை தூக்கியது.
பயிர் தின்றது போக மிச்சத்தை
கண்ணுக்குத் தெரியாத வாய்கள் தின்று
வானத்துக்கு அனுப்புகின்றன என்றேன்.
"காசு குடுத்து வாங்கனதாச்சே" என்றார்.
அந்தப் பக்கத்திலிருந்து
நான் யோசித்ததே இல்லை.

மேற்கே நெய்வேலிப் புகைபோக்கிகள்.
அவர் என் பெட்டியைப் பார்த்தார், அவற்றைப் பார்த்தார்.
"அங்க கொண்டுபோய் வைக்கறதுதான இத?"
அவ்வளவு பெரிய பெட்டி இல்லை என்றேன்.
இருவரும் சிரித்தோம்.
அவர் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொண்டார்.

அறுப்புக்கு ஒரு வாரம் இருக்க
மெழுகுப் பதத்தில் உளுந்து தெளித்தார்.
நாங்கள் கேட்டுக்கொண்டபடி.
பக்கத்து வயலில் போர் தண்ணீரில் மறுபடி நெல்.
இங்கே தண்ணீர் கட்டவில்லை, யூரியா இல்லை,
வேரில் முடிச்சு முடிச்சாய் அதுவே சமைத்துக்கொள்ளும் தழைச்சத்து.
என் கோடு படுத்துவிட்டது,
மதியத் தூக்கம் போல.
ஆபீஸில் அதற்குப் பச்சை நிறம் அடித்து
ஸ்லைடில் போட்டார்கள். கைதட்டினார்கள்.

மாசியில் வெள்ளை ஈ.
முதலில் ஓர் இலையில் மஞ்சள் புள்ளி,
பிறகு ஓர் ஓரம்,
பிறகு வயல் முழுக்க மஞ்சள்.
அஞ்சலாட்சி அக்கா காயை உரித்து
உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.
மிளகு கூட அதைவிடப் பெருசு.
ஆறு மூட்டை வர வேண்டிய இடத்தில் ஒன்றேகால்.
குத்தகை நெல் அதே நெல்தான்.

என் தாளில் பதினான்கு பத்தி.
மண் வெப்பம், ஈரம், காற்றழுத்தம்,
எந்த உரம், எத்தனை கிலோ, எந்தத் தேதி.
ஒன்றேகாலை எழுத
ஒரு கட்டமும் இல்லை.

கடைசி மாதிரி. பங்குனி, வெயில் ஏறும் முன்.
பெட்டியை இறக்குகிறேன், முகத்தைத் திருப்புகிறேன்,
எதிர்ப்பக்கம் அவர் குனிந்திருந்ததைக் கவனிக்கவில்லை.
அடித்தண்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு
நீளமாக ஒரு மூச்சு விட்டார்.
ஊசி அதை இழுத்துக்கொண்டது.

பத்து, இருபது, முப்பது ஒழுங்காக ஏறின.
பூஜ்ஜியத்தில் மட்டும் கார்பன்
எங்கேயோ உயரத்தில் தனியாக நின்றது.
கோடு நேராக வரவில்லை, எடுத்துவிடு என்றார்கள்.
எடுத்துவிட்டேன்.

நீக்கினால் காரணம் எழுத வேண்டும்.
கர்சர் வெகுநேரம் மினுக்கிக்கொண்டிருந்தது.
"மண் அல்ல" என்று எழுதினேன்.