நூற்றுப் பதினான்கு

என் மகளுக்கு நெர்குய் என்று பெயர்.
எங்கள் மொழியில் 'பெயரில்லை' என்று பொருள்.
அவளுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை.
தேடி வருவது எதுவானாலும்
கூப்பிட வார்த்தை இல்லாமல் திரும்பிப் போகட்டும் என்று
அப்படி வைத்தோம்.

வந்தது பெயரைக் கேட்கவில்லை.
உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
எத்தனையோ அடுப்புகளின் புகையோடு ஏறி
எங்கள் கம்பளிக் கூடாரத்தின் கதவிடுக்கில் நுழைந்து
நேரே அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

சளி என்றேன்.
அடுத்த குளிர்காலமும் சளி என்றேன்.
ஆஸ்துமா என்று மருத்துவர் எழுதிய தாளை
நான்காய் மடித்து லாரியின் வெயில் மறைப்பில் செருகினேன்.
வளர வளரச் சரியாகும் என்றான்
என்னோடு நிலக்கரி ஏற்றும் பதார்ச்.
அவனிடமே வாங்கினேன்
ஓநாயின் நுரையீரல்,
காயவைத்துப் பொடித்தது,
ஒரு தீப்பெட்டி அளவு,
பத்து நாள் கூலி.
அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

கேள்வியெல்லாம் குழல்களைப் பற்றித்தான்.
இரண்டு கொடுத்திருந்தார்கள்.
நீலம் பிடிக்கும்:
விசிலடிக்கும் மார்பு கொஞ்ச நேரத்தில் அடங்கும்.
மருந்தானாலும் உழைத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.
ஆரஞ்சு வேறு மாதிரி.
காலையும் மாலையும்,
அவள் நன்றாக இருக்கும் நாளிலும்.
நன்றாக இருப்பவளுக்கு எதற்கு?
பழகிப் போனால்?
உயரமே வராமல் நின்றுவிட்டால்?
ஸ்டீராய்டு என்ற சொல்லை
பட்டம் பறிபோன மல்யுத்தக்காரர்களோடு சேர்த்துத்தான்
கேட்டிருந்தேன்.

ஒயுன்சிமெக்குக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை.
திரும்பும்போது பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும்.
"கொடுத்தாயா?"
"கொடுத்தேன்."
ஒரு மாதம் இப்படி ஓடியது.

குழலின் முதுகில் ஒரு சின்ன ஜன்னல் இருப்பதும்
அதில் எண் இறங்குவதும்
எனக்குத் தெரியாது.
அறுபது நிற்க வேண்டிய இடத்தில்
நூற்றுப் பதினான்கு.
அவள் கத்தவில்லை.
என் தேநீர்க் கிண்ணத்தின் பக்கத்தில்
எண் என்னைப் பார்க்கும்படி வைத்துவிட்டுப்
படுக்கப் போனாள்.

அந்த வாரம் சிகிச்சை நிலையத்தில்
செவிலி சரன்சுல்
பெற்றோரை வரிசையில் நிறுத்தி
ஆளுக்கொரு மெல்லிய ஸ்ட்ரா கொடுத்தாள்.
மூக்கைப் பிடி,
இது வழியாக மட்டும் மூச்சு,
இரண்டு மாடி ஏறி இறங்கு.
சிரித்துக்கொண்டுதான் போனேன்,
ஐம்பது கிலோ மூட்டை தூக்குகிறவன்.
முதல் திருப்பத்தில் சிரிப்பு நின்றது.
இரண்டாவதில் சுவரைப் பிடித்தேன்.
ஸ்ட்ராவைத் துப்பிவிட்டேன்.

துப்ப முடிந்தது எனக்கு.

அடுப்பை அணைக்க முடியாது,
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது.
நான் ஏற்றும் கரிதான் எங்கள் சோறு,
அவளுடைய இருமலும் அதுதான்.
முழுக்க நம்பிவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன்.
ஓநாய்ப் பொடியை இன்னும் எறியவில்லை.
ஆனால் மாலையில் ஆரஞ்சைக் குலுக்குகிறேன்.
"பத்து வரை" என்கிறேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல் விட்டு எண்ணுகிறாள்,
ஏழில் சிரித்துவிடுகிறாள்.
வாய் கொப்பளித்து வாசலில் துப்புகிறாள்,
விழுந்ததும் உறைகிறது.

வாரக் கடைசியில் வாசலில்
சின்னச் சின்னப் பனிக்காசுகள்.
வேலை முடிந்து வரும் ஒயுன்சிமெக்
பையைக்கூட இறக்காமல் குனிந்து
அவற்றை எண்ணுகிறாள்,
ஜன்னல் எண்ணோடு சரிபார்க்க.