ஏழாம் தவணை

பொலித்தீன் பையில் வந்திருக்கிறது பூட்டு,
இலக்கமிட்டு, அரக்கு முத்திரையோடு.
எண்ணூற்றைம்பது ரூபாய்ச் சாமான்.
எனக்கு வாங்கிலும் இடமில்லை,
அதற்கு மேசை.

முழங்காவில் பஸ்ஸில் ஆறு தரம்
நின்றபடியே கிளிநொச்சிக்கு வந்து போயாயிற்று.
"ஒப்புக்கொள்ளும் பிள்ளை,
ஆயிரத்தைந்நூறு தண்டம், அதோட முடிஞ்சுது."
மணிக்கூட்டைப் பார்த்தபடி சட்டத்தரணி.
கணக்குச் சரிதான்.
பஸ் காசே அதைத் தாண்டிவிட்டது.

ஆனால் உள்ளே என்ர தையல் மெஷின் இருந்தது.
பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டைகள் பதினொன்று,
திங்கட்கிழமைக்கு என்று கேட்டவை.
இரண்டு மாத வாடகைக்காக
அருளம்பலத்தார் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டினார்.
சைக்கிள் கடையில் இரவல் வாங்கின சுத்தியல்.
இரண்டே அடி.
மூன்று என்று எழுதி வைத்திருக்கிறது பொலிஸ்.

"வேலாயுதபிள்ளை யசோதினி!"
கூண்டில் ஏறுகிறேன். வாசிக்கிறார்கள்:
அத்துமீறல். சேதம்.
குற்றவாளியா, சுற்றவாளியா?

சுற்றவாளி.
பூநகரி தாண்டினதிலிருந்து
வாய்க்குள் ஓரமடித்துக்கொண்டு வந்த சொல்,
ஒரு நூலும் பிரியாமல் வெளியே வந்தது.

முறைப்பாட்டுக்காரர் வரவில்லை.
மகளிடம் கொழும்புக்காம்.
எட்டாம் தவணை ஆவணியில்.

பூட்டைத் திரும்ப எடுத்துப் போய்
அலுமாரியில் வைத்துப்
பூட்டுகிறார்கள்.