ஒன்பதாம் எண் உலர்த்தி

எல்லிஸ் அவென்யூ, வின்னிபெக்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஒன்பதாம் எண் உலர்த்தியின் வயிற்றைக் கழற்றினால்
ஒரு சட்டைப் பித்தான்,
கூழாகிப்போன பஸ் டிக்கெட்,
இந்தக் கால் டாலர்.

விளிம்பு உதடுபோல் தடித்து
எழுத்துகளின் தலையைத் தின்றிருந்தது.
கரிபூ மானுக்குப் பாதிக் கொம்பு.
"அச்சுப் பிழை, அண்ணே! ஆயிரம் தேறும்"
என்றான் போர்வை காயக் காத்திருந்த நிரோஜன்.
ஆயிரத்தில் இரண்டு மாத வாகனக் கடனை
அங்கேயே அடைத்துவிட்டேன்.

காசுக்கடை ஓரெஸ்ட் லென்ஸைத் தேடவில்லை.
நகத்தால் ஒரு தடவு.
"அச்சில் விரிசல் இருந்தால் காசில் கோடு மேடாக நிற்கும்.
இங்கே எல்லாம் பள்ளம்.
சாலையிலிருந்து சரியாகத்தான் வந்திருக்கிறது.
அப்புறம் சுற்றியிருக்கிறது,
வருடக்கணக்காக,
சூட்டில், இடுக்கில், அடிபட்டு."

பிழை இல்லை, பிழைப்பு
என்று சொல்லிச் சிரித்தேன்.
என்ன என்றார்.
அதை ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை.
முழங்கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன்:
விலை?
"இருபத்தைந்து சென்ட்."

திரும்பி வந்து
ஒன்பதின் துளையிலேயே போட்டேன்.
துப்பியது.
மறுபடி போட்டேன்.
தன் கைவேலை
அதற்கே தெரியவில்லை.