மஞ்சள் கோடு

சாவி, கைக்கடிகாரம், டிராம் பாஸ்
எல்லாவற்றையும் மரத்தட்டில் வைத்துவிட்டு,
முழங்காலில் இருக்கும் எஃகுத் தகட்டை
எங்கே வைப்பது என்று கேட்டார் ஃபோல்க்மார்.
உள்ளே இருக்கும் காந்தத்தைப்
பதினோரு ஆண்டுகளாக யாரும் அணைத்ததில்லை.
மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமே
நின்றுகொள்ளச் சொன்னேன்.

ஹாலே நகரத்து மூன்றாம் எண் டிராம்.
பனிக்காலம் வந்தால் கதவோர ரப்பர் வெடிக்கிறது.
ஒரு விரற்கடை நறுக்கி
ரொட்டிப் பையில் கொண்டுவந்திருந்தார்,
கூடவே பிரிக்காத சுருளிலிருந்து
புதிதாய் ஒரு துண்டு.

"வலிக்குமா அதற்கு?"
கேலிதான். இருந்தாலும் பதில் சொன்னேன்:
குத்துவதில்லை, சுடுவதில்லை.
காந்தத்தின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு
ஒரு திசை பார்க்கும் ஹைட்ரஜன் கருக்களுக்கு
ரேடியோ அலையால் ஒரு தட்டு.
சாய்ந்தவை சுழன்றபடி முனகும்.
அந்த முனகல் எத்தனை நேரத்தில் அடங்குகிறது,
அவ்வளவுதான் என் வேலை.

பனிக்கட்டி வாய் திறப்பதற்குள் மூடிக்கொள்ளும்.
தண்ணீருக்குப் பேச்சை முடிக்கத் தெரியாது.
ரப்பர் இரண்டும் இல்லை.
அங்கங்கே முடிச்சிட்ட நீள இழைகள்,
முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே நெளிய இடம்,
ஒரு முனை மட்டும் கட்டுண்டு
மறுமுனை ஆடிக்கொண்டிருக்கும் சில,
எதோடும் ஒட்டாமல் இடையே ஊரும் எண்ணெய்.

புதிய துண்டின் கோடு
சரிந்தது, தயங்கியது,
நெடுநேரம் வாலிழுத்தது.
பழையதற்கு வால் இல்லை.
நானூறு முறை கேட்டேன்.
இல்லை.

"முடிச்செல்லாம் அப்படியேதான் இருக்கிறது!"
பம்ப் இரைச்சலுக்கு மேல் கத்தினேன்.
"எண்ணெய் போய்விட்டது.
கதவை எதைக் கொண்டு கழுவுகிறீர்கள்?"

உடனே சொல்லவில்லை.
பையை நான்காக மடித்தார், பிறகு எட்டாக.
போன வருடம் மாற்றிய கரைசல்.
எலுமிச்சை மணம், பாதி விலை.
பணிமனையில் கைதட்டினார்களாம்.
உத்தரவில் கையெழுத்து அவருடையது.

சாவியை எடுத்துக்கொண்டவர்
கடிகாரத்தை மறந்து போனார்.
மேல்கோட்டுகூடப் போடாமல் பின்னால் ஓடினேன்.
நிறுத்தத்தில் எட்டிப் பிடித்துக் கையில் திணித்தபோது
மூன்றாம் எண் வந்து நின்றது.

ஏறினார். கதவு மூடியது,
நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு.
பனிக்காற்று அதற்குள் நுழைந்துகொண்டிருந்தது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வெடிப்பின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து
மேலும் கீழுமாக
நீவிக்கொண்டே போனார்.