சொடக்கு

மலைமேல் இருக்கிற ஊர் எங்கள் காஷியாஸ் தோ சூல்.
ஜூன் மாதக் காலையில் பனிமூட்டம்
முற்றத்தில் நிற்கும் பஸ் கூடுகளை ஒவ்வொன்றாக விழுங்கும்.
என் அறைக்குப் பனியும் இல்லை, வெயிலும் இல்லை.
எந்நேரமும் இருபது டிகிரி.
கம்பளிச் சட்டையை வாசலிலேயே மாட்டிவிட்டு வருவேன்.

என் பெயர் இவொனெத்தி.
நட் முடுக்குவது என் வேலை இல்லை.
முடுக்குகிற ரெஞ்சை நம்பலாமா என்று பார்ப்பது.

கைப்பிடியை இழுக்க இழுக்க
உள்ளே ஒரு ஸ்பிரிங் தாங்கும், தாங்கும்,
வைத்த அளவு வந்ததும் இணங்கும்:
டக்.
விரலைச் சொடுக்கியதுபோல.
அதைக் கேட்டுத்தான் அதெலார்
அடுத்த நட்டுக்கு நகர்கிறான்.
அறுநூறு நியூட்டன் மீட்டரை அவன் பார்த்ததில்லை.
கேட்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை இருபத்தேழாம் எண் ரெஞ்ச் வந்தது.
தூக்கம் கலையட்டும் என்று ஐந்து முறை சும்மா இழுத்தேன்.
பிறகு கணக்கில் சேரும் ஐந்து.
ஐந்நூற்று அறுபத்து மூன்று.
அறுபத்தொன்று.
அறுபத்து நான்கு.
ஐம்பத்தெட்டு.
அறுபத்திரண்டு.
ஒவ்வொரு முறையும் அதே உறுதியான டக்.
பொய் சொல்கிறவன் குரல் நடுங்கும் என்பார்கள்.
இரும்புக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மேற்பார்வையாளர் நெரேயு வந்தார்,
கையில் மாத்தே சுரைக்குடுவை.
"மிஷின் குளிர்ந்திருக்கும். இன்னொரு தடவை இழுத்துப் பாரேன்."
இழுத்தேன். ஐந்நூற்று அறுபத்திரண்டு.
"நூற்றுக்கு நாலு விட்டுக்கொடுக்கலாம் இல்லையா?"
நாலு விட்டாயிற்று. இது ஆறையும் தாண்டுகிறது.
அவர் உறிஞ்சினார்.
குடுவை எப்போதோ காலி.

சிவப்புச் சீட்டுக் கட்டினேன்.
சீட்டுக் கட்டினால் ரெஞ்ச் நின்றுவிடும்.
அது முடுக்கிய நட்டுகள்
அந்நேரம் உருண்டுகொண்டிருந்தன.
விடுமுறைக்கு முதல் நாள் சரியாகத்தான் இருந்தது.
திரும்பி வந்தபின் ஒன்பது பஸ்,
பஸ்ஸுக்கு நாற்பது நட்.
இரண்டு பஸ் இன்னும் முற்றத்தில்.
ஆறு, பாசோ ஃபுண்டோவில், பெயர்ப்பலகை மாட்டக் காத்திருந்தன.
ஒன்று எல்லையை நோக்கித் தெற்கே,
ஓட்டுநரும் அவர் வானொலியும் மட்டும்.

திருகில் ஓடும் வரிக்கு மறை என்று பேர்.
ஒளித்து வை என்பதற்கும் அதே சொல்.
அதெலார் வந்து நின்றான்,
அழுக்கே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டு.
கீழே போட்டாயா?
இல்லை.
கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே:
"அளவைத் தளர்த்தாமல் பெட்டியில் வைத்துவிட்டேன்.
அறுநூறிலேயே. நாலு நாள்.
கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்."
நாண் ஏற்றியபடி கிடந்த வில்.
அதற்குமேல் என்ன கேட்பது?

எல்லைக்கு இருபது கிலோமீட்டர் இப்பால்
பெட்ரோல் நிலையமொன்றில் வால்மோர் வண்டியை நிறுத்தினார்.
"கருவிப் பெட்டியில் ரெஞ்ச் இருக்கிறது, அறுநூறு வைத்துவிட்டேன்."
அந்த ரெஞ்ச் சரிதானா என்று கேட்டேன்.
கேட்டபின்தான் என் குரலே எனக்கு விசித்திரமாக இருந்தது.
"சீட்டு ஒட்டியிருக்கிறது அம்மா. மே பன்னிரண்டு.
கையெழுத்து... இவொனெத்தி ஏதோ."

ஃபோனைச் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் வைக்கச் சொன்னேன்.
காற்று. தூரத்தில் ஒரு நாய்.
டக்.
மூச்சு.
டக்.
பதினேழாவதில் சத்தம் வரத் தாமதமானது.
"அசைந்தது," என்றார்.
எவ்வளவு?
"ரொட்டியில் ஒரு கீற்று அளவு."
டக்.
இருபத்து மூன்றும் அசைந்தது. முப்பத்தொன்றும்.
நாற்பது முடிந்தபோது
மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது.

திங்களிலிருந்து அதெலார்
வேலை முடிந்ததும் என் கண்ணாடிச் சன்னலருகே வருகிறான்.
ரெஞ்சின் அளவைக் கடைசிக் கோடுவரை இறக்குகிறான்,
தேவைக்கு மேல் சத்தமாக.
நான் தலையாட்டுவதில்லை. எழுதிக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் என் அளவுமானியும் போகும்,
நீலப் பஞ்சுப் பெட்டியில், சாவோ பவுலோவுக்கு.
அங்கே யாரோ அதை ஐந்து முறை இழுப்பார்கள்.
அவர்களுடைய கருவி எங்கே போகும் என்று
ஒரு தடவை விசாரித்தேன்.
ரியோவுக்கு என்றார்கள்.
அதற்கப்பால் கேட்கவில்லை.