எடைமேடையில் இரண்டு மணி

பீடோங் சாலையில் பதினொரு லோரி.
செம்பனைக் குலைகள் வெயிலில் வியர்க்கின்றன.
காத்திருந்தால் எண்ணெயில் புளிப்பு ஏறும்,
புளிப்பு ஏறினால் விலை இறங்கும் என்று
ஓட்டுநர் ஒருவர் என் மோட்டாரை மறித்துச் சொன்னார்,
நான்தான் ஏற்றிவிட்டது போல.

உள்ளே சற்குணன், பகல் கிராணி,
கணினியைத் தொடாமல் தள்ளி நிற்கிறார்.
கறுப்புத் திரை. மேல் மூலையில் ஒரு வரி:
கிரப் ரெஸ்கியூ.
அதையடுத்து ஒரு கோடு, மின்னி மின்னி,
கேள்வியா கொட்டாவியா தெரியாமல்.

"ஒன்றும் செய்யவில்லையே" என்றார்.
எல்லாரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.
காப்பி வந்தது. இனிப்பு அதிகம்.
பாதிக் குவளையில் உண்மையும் வந்தது:
வட்டில் பெயரில்லாத துண்டு ஒன்று, நாலு ஜிபி,
சும்மா கிடக்கிறதே என்று
அழித்துவிட்டாராம்.

வரிசை வீட்டில் ஐந்தை இடித்தால்
ஆறாம் வீடு ஐந்தாகிவிடும்,
இந்தப் பழைய வட்டில் அதுதான் சட்டம்.
வழிகாட்டி மட்டும் பழைய முகவரியோடு
இல்லாத ஆறின் முன்னால் நிற்கிறான்.
முதல் வீட்டில் விண்டோஸ் நலமாகத்தான் இருக்கிறது.
ஆனால் அங்கே போகவும்
அவன்தான் வழி சொல்ல வேண்டும்.

எல் எஸ் என்று அடித்தேன்.
அடைப்புக்குறிகளுக்குள் எண்கள் எழுந்து நின்றன.
ஒவ்வொரு கதவாய்த் தட்டினேன்.
ஐந்தில் ஆள் இருந்தது.
இனி இதுதான் உன் வீடு என்று சொல்லிக்கொடுத்து
கடைசியாக 'நார்மல்' என்று அடித்தேன்.
அந்தச் சொல்லை நான் நம்பி எழுதுகிற இடம்
இது ஒன்றுதான்.

பட்டியல் வந்தது.
மேலே லினக்ஸ், இரவுக் கிராணி ஹஃபிஸி போட்டுக்கொண்டது.
கீழே விண்டோஸ்.
லினக்ஸில் நுழைந்து
பழுதை நிரந்தரமாய்ப் பூசி மூடும்போதுதான் பார்த்தேன்:
வெளியே மதியம் இரண்டு,
திரையில் இரவு பத்து.

"அதுவா" என்றார் சற்குணன்.
"நான் காலை ஏழுக்குத் திறந்தால்
முந்தின இரவு பதினொன்று காட்டும்.
தினமும் திருத்துகிறேன்.
பொத்தான் பேட்டரி மூன்று மாற்றியாயிற்று, சொந்தக் காசு."
பழையதையும் எறியாமல் மேசையில் வைத்திருந்தார்.

நான் சிரிக்கவில்லை. மூச்சை மட்டும் விட்டேன்.
உள்ளே இருப்பது ஒரே கடிகாரம்.
விண்டோஸ் அதை நம்மூர் நேரமாய்ப் படிக்கும்.
லினக்ஸ் அதைக் கிரீனிச் நேரமாய் எடுத்து
எட்டைக் கூட்டிக்கொள்ளும்.
பதினொரு மாதம்
இவர் திருத்தியதை அவர் திருத்த,
அவர் திருத்தியதை இவர் திருத்த,
இவர் வரும்போதெல்லாம் நேற்று,
அவர் வரும்போதெல்லாம் நாளை.
பேட்டரி பாவம். நல்ல பேட்டரி.

லினக்ஸ் விட்டுக்கொடுக்கட்டும் என்று ஒரு கட்டளை.
சொன்னால் கேட்கிற ரகம் அது.
முதல் லோரி மேடை ஏறியது, சீட்டு அச்சானது,
சீட்டில் இரண்டு இருபது,
சுவரிலும் இரண்டு இருபது.
ஓட்டுநர் அதைப் பார்க்காமலே பையில் திணித்தார்.

என் அறுபது வெள்ளிக்குக் கையெழுத்துத் தேடி
ஏழாக்கிவிட்டார்கள்.
சாவிக்குக் கை நீட்டியபடி ஹஃபிஸி வந்தார்.
மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன்.
இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள்,
ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பிறகு ஹஃபிஸி சட்டைப் பையைத் துழாவி
இன்னும் பிரிக்காத பொத்தான் பேட்டரி ஒன்றை எடுத்து
மேசையில் வைத்தார்,
அந்த மூன்றின் பக்கத்தில்.