பச்சை ஸ்டிக்கர்

லா ஷப்பல். செவ்வாய்க்கிழமை.
தராசு பார்க்க வந்தவர் பெயர் முசியு பெர்த்தியே.
மரப்பெட்டிக்குள் வெல்வெட் குழிகளில்
பித்தளைப் படிக்கற்கள் தூங்கின.
கையுறை போட்டுத்தான் தொட்டார்.
விரலின் ஈரமும் எடையாம்.

முதலாளி தேநீர் நீட்டினார். வேண்டாமென்றார்.
"குடிக்கேல்லை எண்டால் ஏதோ இருக்கு"
என்று என் காதுக்குள் சொன்னார் முதலாளி.
குடித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

உங்கள் கல் சரியென்று யார் சொன்னது, கேட்டேன்.
என் பிரெஞ்சு மொண்ணை. அவர் கோபிக்கவில்லை.
இதை இன்னொரு கல்லோடு வைத்துப் பார்ப்பார்கள்.
அந்தக் கல்லை?
அதற்கு மேலே ஒன்று.
அதற்கும் மேலே?
நிமிர்ந்தார்.
செவ்ர் என்ற ஊர், பக்கத்தில்தான்,
நிலவறையில், கண்ணாடி மூடிகளுக்குள்
உலகத்தின் ஒரு கிலோ இருந்தது.
நூறு வருடம் கழித்து நகல்களோடு நிறுத்தபோது
ஒரு விரல்ரேகை அளவு வித்தியாசம்.
அது இளைத்ததா, இவை கொழுத்தனவா
சொல்ல ஆளில்லை.
சொல்லவேண்டிய ஆளே அதுதான்.

இப்போது?
இப்போது கல் இல்லை, ஓர் எண்.
எண்ணை யார் நிறுத்தது என்ற கேள்வி வாய்வரை வந்தது.
வாசல்வரை மரவள்ளிக்கிழங்கு வானும் வந்தது.
பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்.

பன்னிரண்டேகாலுக்குச் சாருமதி அக்கா.
வெண்டிக்காய் நானூறு கிராம்.
"எடுத்துட்டுத் திருப்பிப் போடும்." போட்டேன்.
"முதல்ல பூச்சியத்துக்கு வந்ததோ?" வந்தது.
ஸ்டிக்கரைக் காட்டினேன்.
"ஒட்டுறது ஆரும் ஒட்டலாம்."

பிறகு தள்ளுவண்டியிலிருந்து மகனைத் தூக்கி
என் கையில் தந்து
"வங்கியைப் பூட்டப்போறாங்கள், பத்து நிமிசம்"
என்று ஓடினாள்.
என் பெயர் அவளுக்குத் தெரியாது.
எனக்கும் அவளைப் பற்றித் தெரிந்ததெல்லாம்
ஒவ்வொரு வெண்டிக்காயும் முனை ஒடிப்பாள் என்பது.

மழை. கடையில் யாருமில்லை.
அவனைத் தராசுத் தட்டில் இருத்தினேன்.
பதினொன்று முந்நூற்றிருபது.
கால் உதறினான், பதினொன்று முந்நூறு,
திரும்பினான், பதினொன்று நானூறு.
ஒரு எண்ணில் நிற்கமாட்டான்.

நாற்பது நிமிடம் கழித்து நனைந்து வந்தாள்.
அவனை வாங்கி இடுப்பில் இருத்திக்கொண்டாள்,
பார்க்கக்கூட இல்லை.
வெண்டிக்காய்ப் பையை மட்டும்
கையில் ஒருமுறை ஏற்றி இறக்கி
"சரியாத்தான் இருக்கு" என்றாள், நம்பாமல்.

தெருமுனை தாண்டிய பிறகுதான் கண்டேன்.
தராசுக்கு அடியில் ஓர் இடதுகால் சப்பாத்து.
தட்டில் வைத்தேன்.
நூற்றுப்பத்து கிராம்
குறைத்துக் கொடுத்திருக்கிறேன்.